கண்டம் ஆன கணினிகள்

அரசு அலுவலகங்களில் 'கண்டம்' என்றொரு சொல் புழங்குகிறது. ஜோசியர் சொல்லும் நீர்க்கண்டமும் பூகோளப் பாடத்து ஆசியக் கண்டமும் வேறு. இது 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல், எழுத்தர்களின் வாயில் உருண்டு உருண்டு இப்படி ஆகிவிட்டது. ஜீப்பைக் கண்டம் பண்ணிவிட்டார்கள், பள்ளிக்கூடத்து மேற்குக் கட்டடம் கண்டம், இரும்பு பீரோ கண்டம். இருப்புப் பதிவேட்டிலிருந்து ஒரு பொருளை நீக்கி, ஏலம் விட்டு, காயலாங்கடைக்கு அனுப்புவதற்கு முன் அதன் தலையில் எழுதப்படும் கடைசி வார்த்தை. இந்தியப் பள்ளிகளுக்கு முதன்முதலில் கூட்டமாக வந்திறங்கிய கணினிகளின் கதை பெரும்பாலும் இந்த வார்த்தையில்தான் முடிந்தது.

1984-85இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பள்ளிகளில் கணினி எழுத்தறிவும் கணினிக் கல்வியும் என்பது அந்தச் சுருக்கெழுத்தின் விரிவு. முதலில் 250 பள்ளிகள். பிறகு மாநில அரசுகள் வழியாக வளர்ந்து 2,598 பள்ளிகள். அவற்றுக்குப் பகிர்ந்தளித்த இயந்திரங்கள் 12,000. வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு ஐந்துகூடத் தேறாது. ஆனாலும் கணினி என்றால் விண்வெளி ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் என்றிருந்த நாட்டில் அது சிறிய காரியம் இல்லை.

அந்த இயந்திரத்தின் பெயர் பிபிசி மைக்ரோ. இரவில் சிற்றலை வானொலியைத் திருகித் திருகித் தமிழோசை பிடித்த வீடுகளுக்குப் பிபிசி என்றால் செய்தி. பிரிட்டனில் அதே நிறுவனம் 1982 ஜனவரியில் மக்களுக்குக் கணினியைச் சொல்லிக்கொடுக்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்கியது. தொடரோடு சேர்த்துப் பழக ஒரு கணினி வேண்டுமென்று கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்திடம் செய்யச் சொல்லி, 1981 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சில்லு, 32 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அந்த நினைவகத்துக்குள் அடங்காது. மொத்தமே 12,000 விற்கும் என்று முதலில் கணித்தார்களாம். நம் பள்ளிகளுக்கு வந்த எண்ணிக்கையும் அதேதான் என்பது தற்செயல். விற்றதோ 15 லட்சத்துக்குமேல். அதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், வன்பொருளில் கை வைத்திருந்த ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்துச் செய்த சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று முதன்முதலாக உயிர்பெற்றது. அதுதான் ஆர்ம். இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் படிப்பவர் ஏறக்குறைய நிச்சயமாக அந்தச் சில்லின் கொள்ளுப்பேரனைக் கையில் வைத்திருக்கிறார்.

இந்தியாவிலும் பிபிசி மைக்ரோவைச் செய்யும் ஏற்பாடு நடந்தது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ஏகார்னோடு ஒப்பந்தம் போட்டு 'யுனிகார்ன்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. 1989 பிப்ரவரியில் அந்த வளாகமே தீப்பிடித்து எரிந்தது வேறு கதை.

நான் முதன்முதலில் பார்த்த கணினி அறை எங்கள் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் இருந்தது. அப்போது அது ஒன்றுபட்ட தென்னாற்காடு. எங்கள் ஊரான மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வழியாகப் பேருந்து பிடித்து ஒரு பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தோம். அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள் போவதுபோல் உள்ளே போனால் வரிசையாகத் துணிப்போர்வை. போர்வையை விலக்கிக் காட்டியவர் விசையைத் தொட விடவில்லை. ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. இருப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. பதிவேட்டில் ஏறிய பொருளைப் பயன்படுத்தித் தேய்ப்பவனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடுபவனுக்கு எதுவும் வராது. நம் நாட்டில் பொதுச்சொத்தின் இயற்பியல் விதி இது.

இதே இயந்திரம் பிரிட்டனில் என்ன ஆனது என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

அங்கேயும் அது பள்ளிகளுக்குப் போனது. கூடவே வீடுகளுக்கும் போனது. அப்பா வாங்கி வந்த இயந்திரத்தில் பிள்ளைகள் கிறுக்கினார்கள், உடைத்தார்கள், விளையாட்டு எழுதினார்கள். டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1984 செப்டம்பரில் வெளியிட்ட 'எலீட்' இந்த 32 கிலோபைட்டுக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை அடக்கியது. மண்டலத்துக்கு 256 வீதம் மொத்தம் 2,048 உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், சந்தை விலை. எப்படி முடிந்தது? உலகங்களை அவர்கள் சேமிக்கவே இல்லை. சில எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் கணக்குப் போட்டு உலகத்தை முளைக்கவைத்தார்கள். குதிர் முழுக்க நெல்லைக் கொட்டிவைக்காமல் கைப்பிடி விதைநெல்லை முடிந்துவைத்த மாதிரி.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்குமேல். அவர்கள்தான் இணையத்தில் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துப் பழைய இயந்திரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர், மென்பொருளாளர், பள்ளி ஆசிரியர். சம்பளம் கிடையாது. ஒருவர் கேசட்டை ஒலியாகப் பதிவு செய்கிறார், இன்னொருவர் அந்த ஒலியிலிருந்து நிரலைப் பிரித்தெடுக்கிறார், மற்றொருவர் அச்சுப் பலகையின் வரைபடத்தை மறுபடி வரைந்து பொதுவில் வைக்கிறார். பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் பிபிசி மைக்ரோக்கள் வரிசையாக நிற்கும் ஒரு வகுப்பறையே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து விசையைத் தட்டுகிறார்கள். யாரும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை.

இந்த வேலையின் நுணுக்கம் வெளியில் தெரிவதில்லை. கேசட்டை எடுத்துக்கொள்வோம். பிபிசி மைக்ரோ ஒரு நொடிக்கு 1,200 பிட்டுகளை ஒலியாக்கி நாடாவில் எழுதும். பூஜ்யத்துக்கு 1,200 ஹெர்ட்ஸில் ஒரு அலை, ஒன்றுக்கு 2,400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை. காதில் கேட்டால் கீச்சென்ற இரைச்சல். கணினிக்கு அதுவே எழுத்து. நினைவகம் முழுவதையும் நிரப்ப நாலரை நிமிடத்துக்குமேல் ஆகும். நாடா ஓரிடத்தில் கசங்கி ஒரே ஒரு அலை தவறினாலும் அந்தத் துண்டு வீண். பழைய பாட்டுக் கேசட்டில் இளையராஜாவின் வயலின் ஒரு கணம் அமுங்கி எழுந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். நிரல் பொறுத்துக்கொள்ளாது.

ஃபிளாப்பி வட்டு இன்னும் சிக்கல். படியெடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்து நிறுவனங்கள் வட்டில் வேண்டுமென்றே பிழைகளைப் பதித்தன. சாதாரணமாகப் படியெடுத்தால் அந்தப் பிழைகள் படியில் வராது, விளையாட்டு ஓடாது. அதனால் கிரீஸ்வீசில் போன்ற சிறு கருவிகளை வைத்து, வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், காந்தம் எங்கெங்கே திசை மாறுகிறது என்பதை மட்டும் நேர அளவோடு பதிவு செய்கிறார்கள். பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தடத்தை எடுத்துவிடுவோம் என்ற கல்வெட்டுப் படியெடுப்பாளரின் முறை இது. எழுத்து புரியாவிட்டாலும் மைப்படி எடுத்து வைத்துவிட்டால் அடுத்த தலைமுறை படித்துக்கொள்ளும்.

எடுத்ததை ஓட்டிக்காட்ட எமுலேட்டர். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் விவசாயி ஒருவர் ராத்திரி முழுக்கத் துரியோதனனாக நிற்பதுபோல, இன்றைய கணினி பழைய கணினியின் வேடம் கட்டி நிற்கும் மென்பொருள் அது. 1997இல் வந்த 'மேம்' ஆயிரக்கணக்கான கடைத்தெரு விளையாட்டு இயந்திரங்களுக்கு வேடம் கட்டுகிறது. வேடம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல அசல் இயந்திரம் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரும்பைக் காப்பவரும் நிரலைக் காப்பவரும் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

சரி, நம்மிடம் ஏன் இந்தக் கூட்டம் உருவாகவில்லை? ஏழ்மை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பாதி பதில்கூட ஆகாது. யுகோஸ்லாவியாவில் 50 ஜெர்மன் மார்க்குக்கு மேற்பட்ட பொருளை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. ஒரு கணினியும் அந்த விலைக்குள் வராது. அங்கே வோயா அன்டோனிச் என்பவர் 'கலாக்சியா' என்ற எளிய கணினியை வடிவமைத்து, அதன் வரைபடத்தை 1984 தொடக்கத்தில் ஒரு பத்திரிகைச் சிறப்பிதழில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் ஈயம் உருக்கித் தாங்களே செய்துகொண்டார்கள். பெல்கிரேட் வானொலி நிரல்களை இரைச்சலாக ஒலிபரப்பியது. நேயர்கள் கேசட்டில் பதிந்துகொண்டார்கள். இறக்குமதிச் சுவர் நமக்கும் இருந்தது, அவர்களுக்கும் இருந்தது. அவர்களுடைய கணினி வீட்டு மேசையில் பிறந்தது.

நம்மிடம் அந்த வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1982 ஏப்ரலில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிரிட்டனின் ஏழை வீட்டுக் கணினி. 125 பவுண்டில் தொடங்கியது, ரப்பர் விசைகள், டிவியே திரை. அதன் அடுத்த வடிவமான ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை இந்தியாவில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று 1986இல் 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று கொண்டுவந்தது. சில ஆயிரம் விற்று, 1990 வாக்கில் சந்தை வற்றியது. இன்று உலகெங்கும் உள்ள ஸ்பெக்ட்ரம் பித்தர்கள் அந்த இந்தியப் பதிப்பைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு கசப்பான வேடிக்கை. நம் பரணில் கிடப்பதன் அருமை இங்கிலாந்தின் லீட்ஸில் இருப்பவருக்குத் தெரிகிறது.

மங்கலம்பேட்டைக்குக் கணினி வேறு வழியாக வந்தது. யாரும் அதைக் கணினி என்று சொல்லவில்லை. 'டிவி கேம்' என்றோம். 1990களின் நடுவில் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டியில் வந்தது, சென்னை பர்மா பஜாரிலிருந்தும் வந்தது. 'மீடியா', 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்று பெயர்கள். பேருந்து நிறுத்தம் அருகே ஒருவர் இரண்டு டிவி போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். மரியோ, கான்ட்ரா, பீரங்கி வண்டி. கேசட் என்றுதான் சொல்வோம், அதற்குள் நாடா கிடையாது, சில்லுதான். ஓடவில்லையென்றால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதிச் செருகுவோம். பல நேரம் ஓடிவிடும். ஊதியதால் ஓடவில்லை, பிடுங்கிச் செருகியதில் முனைகள் புதிதாகத் தொட்டுக்கொண்டதால் ஓடியது. ஊதும்போது போன எச்சில் ஈரம் செப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைத்தது. உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்பம் இதுவாகத்தான் இருக்கும், அதுவும் தப்பு.

அந்தப் பெட்டிகள் நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். தைவானிலும் சீனாவிலும் எல்லாச் சில்லுகளையும் ஒரே சில்லாகச் சுருக்கி, மேலே கறுப்புப் பசைப் பொட்டு வைத்துச் செய்தார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தப் பொட்டுக்கு அடியில் இருப்பதுதான். ஃபாமிகாமின் மூளை 6502 சில்லின் வழிவந்தது. பிபிசி மைக்ரோவில் இருந்த அதே 6502. அரசாங்கம் கொண்டுவந்து, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, பூட்டிய அறையில் போர்வை போர்த்தி வைத்த அதே மூளை, கள்ளச்சந்தை வழியாக மங்கலம்பேட்டை பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, பொடியன்களின் கையில் காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை ஓடியது. வேகம்கூட ஏறக்குறைய சமம்: அது 2 மெகாஹெர்ட்ஸ், இது 1.8ஐ ஒட்டி.

சிலவற்றில் விசைப்பலகையும் வந்தது. 'டிவி கம்ப்யூட்டர்' என்று பெரிய கடைகளில் விற்றார்கள். உள்ளே ஒரு பேசிக் மொழியும் இருந்தது. இந்தியச் சந்தையில் இதைப் பார்த்த டெரெக் லோமாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பு மாணவர், இதைக் கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமே என்று 2008இல் 'பிளேபவர்' என்ற முயற்சியைத் தொடங்கினார். விலை 12 டாலர்தான். நின்டெண்டோவின் அசல் காப்புரிமைகளும் அதற்குள் காலாவதியாகியிருந்தன. பல நாட்டு நிரலாளர்கள் 6502க்குப் புதிய பாட விளையாட்டுகள் எழுதினார்கள். முயற்சி பெரிதாக வேர் பிடிக்கவில்லை. அதற்குள் மலிவான கைப்பேசி வந்துவிட்டது. ஆனால் 1984இல் ஒரு அரசு சிந்தித்ததை 2008இல் ஒரு மாணவர் காயலாங்கடை விலையில் மறுபடி சிந்தித்தார் என்பது என்னை இன்னும் விடவில்லை.

டிவி கேமைப் பாதுகாக்கும் கூட்டம் உலகில் உண்டு. ஒவ்வொரு கேசட்டையும் திறந்து, சில்லைப் படித்து, அதன் உள்ளடக்கத்துக்கு ஒரு கைரேகை எண் கணக்கிட்டு அட்டவணை போடுகிறார்கள். '9999 விளையாட்டு' என்று அட்டையில் போட்டு, உள்ளே பத்து விளையாட்டை மாற்றி மாற்றிப் பட்டியலிட்ட புரட்டுக் கேசட்டுகளையும் அவர்கள் ஒதுக்குவதில்லை. களவுப் பதிப்புக்கும் வரலாறு உண்டு என்ற தெளிவு அவர்களுக்கு இருக்கிறது. திருத்திய மரியோ, மரியோவின் தலையில் வேறு தலையை ஒட்டிய மரியோ, பெயரை மாற்றிய கான்ட்ரா என்று எங்கள் தலைமுறை விளையாடியது பெரும்பாலும் இந்தப் பதிப்புகளைத்தான். அசலைப் பார்த்தால் எங்களுக்கு அதுதான் போலியாகத் தெரியும்.

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. விற்கவும் மாட்டார்கள், படியெடுக்கவும் விட மாட்டார்கள். ஸ்பெக்ட்ரத்தின் உரிமையை 1986இல் வாங்கியிருந்த ஆம்ஸ்ட்ராட், அதன் உள் நிரலை எமுலேட்டர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று 1999இல் அனுமதித்தது அரிதான பெருந்தன்மை. ஸ்பெக்ட்ரம் இன்றும் இவ்வளவு உயிரோடு இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்ற தலைப்பின்கீழ் வருகிறது. 2012 திருத்தம் பொது நூலகங்களுக்கு ஒரு சலுகை தந்தது: நூலகத்திடம் ஒரு படைப்பின் மின்னணு அல்லாத படி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்னணு வடிவில் சேமித்துக்கொள்ளலாம். புத்தகத்துக்குச் சரி. பிறக்கும்போதே மின்னணுவாகப் பிறந்த நிரலுக்கு மின்னணு அல்லாத படி எங்கிருந்து வரும்? ஒலிநாடாவில் கீச்சிடும் நிரல் மின்னணுவா இல்லையா என்று ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, கட்டணம் எவ்வளவு தருவாய் என்றார். அதே திருத்தம் இன்னொரு கதவையும் லேசாகத் திறந்துவைத்தது. ஆசிரியர் இறந்துபோயிருந்தாலோ, யாரென்று தெரியாவிட்டாலோ, கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் மூடிப் போய், வாங்கியவரும் திவாலாகி, யாரிடம் உரிமை இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உலகில் உண்டு.

இந்தச் சட்டப்பிரிவைப் படித்தபோது சிதம்பரம்தான் நினைவுக்கு வந்தது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சோழ மன்னனும், எங்கள் மாவட்டத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்கிறார்கள். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று பதில் வருகிறது. மூவரும் காலமாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவுமுன் நிறுத்துகிறான். இதோ வந்துவிட்டார்கள், திறவுங்கள். திறந்தால் ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில் மிஞ்சியவை எண்ணூறை ஒட்டிய பதிகங்கள்தாம். பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது பார்த்தால் உரிமையாளர் இல்லாத படைப்பைத் திறப்பது எப்படி என்ற வழக்கு அது. மன்னன் பூட்டை உடைக்கவில்லை. உரிமையாளர் வந்ததாகக் கொள்வோம் என்று எல்லோரும் ஏற்கும்படி ஒரு வழி செய்தான். அதற்குள் கரையான் தன் வேலையை முடித்திருந்தது.

தமிழர்களுக்கு இணையத்தில் கூடிப் பழையதைக் காக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். 1984இல் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் மென்பொருளைச் செய்தார். அடுத்த ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு'. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைக் கொடுத்தார். அவர் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்த நூல்களால் வளர்ந்தது. ஈழத்து நூல்களுக்கு 2005இல் நூலகம் திட்டம். ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துக்குத் தனித்தனி எண் கொடுத்திருந்த காலத்தில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் குப்பையாகத் தெரியும். டிஸ்கி, டாப், பாமினி என்று அந்தக் குறியீட்டுக் காட்டிலிருந்து கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைத் தனிமனிதர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல்தான். அதற்குள் தொண்டர்கள் பாதிக் காட்டைக் கடந்திருந்தார்கள்.

எழுத்தைக் காத்தோம், அதை எழுதிய இயந்திரத்தையும் மென்பொருளையும் விட்டுவிட்டோம். ஏட்டைக் காத்து எழுத்தாணியை எறிவது நம் பழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. தமிழ் எங்களுடையது என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் கைக்காசு போட்டு உட்கார்ந்தார்கள். கிளாஸ் திட்டத்து இயந்திரம் பதிவேட்டுடையது. டிவி கேம் வாடகைக்காரருடையது. எதையும் எங்களுடையது என்று சொல்லிப் பழகவில்லை. அரசும் தான் வாங்கியதைப் பொருளாகத்தான் கணக்கு வைத்தது, வரலாறாக வைக்கவில்லை. இப்போதுள்ள மின்கழிவு விதிகள் பழைய கணினியை முறைப்படி மறுசுழற்சிக்கு ஒப்படைக்கச் சொல்கின்றன. நொறுக்குமுன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துவை என்று சொல்ல அதில் இடமில்லை.

போன மழைக்காலத்தில் உலாவியிலேயே ஓடும் ஒரு பிபிசி மைக்ரோ எமுலேட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த இயந்திரத்தில் 'விடியு 23' என்ற கட்டளையால் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் புது எழுத்து வரையலாம். 'ட' எளிது: 0, 64, 64, 64, 64, 64, 126, 0. ஒரு நேர்கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. 'ப' வந்தது, 'ம' கொஞ்சம் நெளிந்து வந்தது. 'ண' மூன்று சுழியோடு எட்டுப் புள்ளிக்குள் மூச்சுத் திணறியது. இரண்டு கட்டம் கொடுத்தேன். அன்று போர்வையை விலக்கிக் காட்டிய அறையில் என் ஊர்ப் பெயரை எழுத விட்டிருந்தால் 'ங்க'விலேயே மாட்டிக்கொண்டிருப்பேன். மாட்டிக்கொண்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

இன்னும் சில இயந்திரங்கள் இருக்கத்தான் செய்யும். பள்ளி ஆய்வகத்தின் பின்னறையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணில், புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் தரையில். பழுப்பேறிய வெளிர்நிறப் பெட்டி, மேல் வரிசையில் சிவப்பு விசைகள் என்றால் அது பிபிசி மைக்ரோ. கூடவே கேசட் கிடைத்தால் உடனே ஓட விடாமல், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடலூர்க் காற்றின் ஈரத்தில் பெரும்பாலும் இருக்கும். பதிவு செய்யும்போது இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்கக் கூடாது. காது கவனிக்காதவற்றை அது கழித்துவிடும், கணினிக்கு அவையும் தேவை.

இயந்திரத்தை மின்சாரத்தில் செருகிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். செருக வேண்டாம். அதன் மின்வழங்கிப் பெட்டிக்குள் தேன் நிறத்தில் கண்ணாடிபோல் தெரியும் உறையோடு காகித மின்தேக்கிகள் உண்டு. நாற்பது ஆண்டில் அந்த உறையில் விரிசல் விட்டு, காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும். மின்சாரம் பட்ட சில நிமிடத்தில் வெடித்து, அறை முழுக்க நாற்றமெடுக்கும் புகை வரும். அப்போது பார்ப்பவர் இயந்திரம் போய்விட்டது என்று முடிவு கட்டி, கண்டம் என்று எழுதிவிடுவார். உண்மையில் பெரும்பாலும் போனது அந்தச் சின்ன மின்தேக்கி மட்டும்தான். சென்னை ரிச்சி தெருவில் அதற்கு மாற்று கிடைக்கும். கணினியின் வெளிப்பெட்டியைத் திறப்பதும் சிரமம் இல்லை. பின்புறத்திலும் அடியிலும் எந்தத் திருகுகளைக் கழற்ற வேண்டும் என்று காட்ட, பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள்.